வீட்டிலேயே கால்பந்து கேக்: மாவு கலக்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

கால்பந்து கேக் என்றதும் எனக்குத் தோன்றியது வெள்ளை, கறுப்பு, அடியில் கொஞ்சம் பச்சை, அவ்வளவுதான். பூ கிடையாது, மாடி மாடியாக அடுக்குவது கிடையாது, கவுன் போட்ட பொம்மை கிடையாது. மூன்றே நிறம், ஒரு பந்து, இதில் என்ன பெரிய வித்தை என்றுதான் பொண்ணு கேட்டதும் சரி என்றேன். அவள் பந்து விளையாடுகிறவள், "அம்மா, நிஜப் பந்து மாதிரியே இருக்கணும், கட்டம் தப்பா இருந்தா எனக்குத் தெரிஞ்சிடும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். கேக் கடைசியில் வந்தது, நன்றாகவே வந்தது. ஆனால் நடுவில் குப்பைக்குப் போன வெண்ணெய், முட்டை, சாக்லேட்டைக் கூட்டிப் பார்த்தால் ஆர்டர் கொடுத்தே வாங்கியிருக்கலாம், கையில் மிச்சமும் இருந்திருக்கும். தூக்கம் தனிக் கணக்கு. வட்ட டின்னில் கேக் சுட்டு மேலே க்ரீம் பூசத் தெரியும், அதற்கு மேல் பழக்கமில்லை என்கிற நிலையில்தான் நானும் ஆரம்பித்தேன், கேட்க ஆள் இல்லாமல். வெள்ளை, கறுப்பு, பச்சை இந்த மூன்றும்தான் கேக் அலங்காரத்திலேயே ஆளைப் படுத்தி எடுக்கிற நிறங்கள் என்று அப்போது ஒருத்தர் சொல்லியிருந்தால் பாதி ராத்திரி மிச்சமாகியிருக்கும்.

முதலில் உருவம். முழுப் பந்தா, பாதிப் பந்தா என்பதை மாவு கலக்குவதற்கு முன்னாலேயே முடிவு செய்துவிடுங்கள். முழுப் பந்து என்றால் இரண்டு அரைக்கோளங்களைச் சுட்டு ஒன்றின்மேல் ஒன்று வைக்க வேண்டும், மேல் பாதியின் எடையைத் தாங்க நடுவில் அட்டையும் குச்சியும் வேண்டும், உருளாமல் இருக்க அடியைச் சீவ வேண்டும், அப்புறம் கீழ்ப் பாதியில் ஃபாண்டன்ட் (சப்பாத்தி மாதிரி திரட்டிக் கேக்மேல் போடுகிற சர்க்கரை மாவு) மடிப்பு விழாமல் போர்த்த வேண்டும். பழக்கமில்லாதவர்கள் அதில் கை வைக்க வேண்டாம். பாதிப் பந்தைப் பச்சைத் தரைமேல் கவிழ்த்து வைத்தாலே போதும், மீதிப் பாதியைப் பார்க்கிறவர்களின் கண் தானாக நிரப்பிக்கொள்ளும். இதற்கென்று அரைக்கோள டின் விற்கிறார்கள். நான் ஓவன் தாங்கும் ஸ்டீல் கிண்ணத்தில் செய்தேன், அதில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: வாயின் அகலத்தில் சரிபாதி ஆழம் இருக்க வேண்டும். வாய் 18 செ.மீ. என்றால் ஆழம் 9 செ.மீ. வீட்டில் இருக்கிற பெரும்பாலான கிண்ணங்கள் அடியில் தட்டையாகவோ ஆழம் குறைவாகவோ இருக்கும், அதில் சுட்டால் பந்து வராது, கவிழ்த்த தட்டுதான் வரும். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அளந்து பாருங்கள். 18 செ.மீ. அரைக்கோளம் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பிடிக்கும், அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் மேலே மாவு, அதாவது ஒரு லிட்டருக்குக் குறையாமல்.

சுடுவதில்தான் முதல் அடி விழுந்தது. வட்ட டின்னுக்கு எழுதிய செய்முறையில் 180 டிகிரி என்று இருக்கும், நேரமும் முக்கால் மணிக்குள் இருக்கும். அதே சூட்டில் கிண்ணத்தை வைத்தால் ஓரம் கருகி, மேலே எரிமலை மாதிரி வெடித்து, நடுவில் மாவு மாவாகவே இருக்கிறது. காரணம் எளிது. வட்ட டின்னில் மாவின் உயரம் எல்லா இடத்திலும் ஒன்று, கிண்ணத்தில் நடுப்பகுதி 9 செ.மீ. ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது, சூடு அங்கே போய்ச் சேர்வதற்குள் வெளிப்பக்கம் வெந்து முடிந்துவிடுகிறது. சூட்டை 160-க்கு இறக்குங்கள், ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும் என்று மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள், பாதிக்கு மேல் ஆனதும் மேலே அலுமினியத் தாளைத் தளர்வாக மூடி வையுங்கள். கிண்ணத்தின் வெளிப்பக்கம் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணிப் பட்டையைச் சுற்றிவிட்டால் ஓரம் அவசரப்படாது. ஓவனுக்குள் கிண்ணம் ஆடாமல் நிற்க ஒரு குக்கி கட்டர் வளையத்தின்மேல் வைக்கலாம். வெந்ததா என்று பார்க்க டூத்பிக் போதாது, அது நடுவரைக்கும் போகவே போகாது. நீளமான கம்பியால் குத்திப் பாருங்கள், சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 96 முதல் 98 டிகிரி காட்ட வேண்டும். முதலில் சுட்டதில் டூத்பிக் சுத்தமாக வெளியே வந்ததால் நம்பிக் கவிழ்த்தேன், நடுப்பகுதி அப்படியே கிண்ணத்தில் தங்கிவிட்டது. ராத்திரி பதினொரு மணிக்கு அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வந்த எரிச்சல் இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது.

எந்தக் கேக் என்பதும் முக்கியம். பஞ்சு மாதிரி இருக்கும் ஸ்பாஞ்ச் சாப்பிட நன்றாக இருக்கும், ஆனால் மேலே ஏறப் போகிற ஃபாண்டன்டின் எடையை அது தாங்காது. பந்து மெல்ல மெல்ல அமுங்கி அடியில் பிதுங்கும். வெண்ணெய் சேர்த்த, கொஞ்சம் கெட்டியான கேக்தான் இதற்குச் சரி. சுட்டு ஆறியதும் க்ளிங் ஃபிலிமில் இறுகச் சுற்றி ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வையுங்கள், சூடாகவோ அறை வெப்பத்திலோ கத்தி வைத்தால் உதிர்ந்து கொட்டும், குளிர்ந்த கேக் சோப்புக் கட்டி போல வழுவழுவென்று வெட்டுப்படும். அடிப்பக்கம் உப்பியிருக்கும் பகுதியைச் சீவித் தட்டையாக்குங்கள், சீவிய பிறகு உயரத்தை அளந்து பாருங்கள். விட்டத்தில் பாதி இருக்கிறதா? எனக்கு ஒரு செ.மீ. குறைந்தது. அதே உயரத்தில் ஒரு வட்டத் துண்டை வெட்டி அடியில் கொடுத்துச் சரி செய்தேன். இதை விட்டுவிட்டுப் போனால் பின்னால் ஐங்கோணம் ஒட்டும்போது கணக்கு உதைக்கும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

மேல் பூச்சுக்கு பட்டர் க்ரீமா, சாக்லேட்டும் க்ரீமும் கலந்த கனாஷா என்றால் இந்த மாதிரி வளைந்த உருவத்துக்குக் கனாஷ்தான் என்பேன். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும், அந்தச் சூடு நம் உள்ளங்கையிலேயே இருக்கிறது. போர்த்திய ஃபாண்டன்டைத் தடவித் தடவி வழுவழுப்பாக்கும்போது உள்ளே இருக்கிற பட்டர் க்ரீம் இளகி வழுக்கிக்கொண்டு போகிறது. கனாஷ் இறுகிவிட்டால் அப்படியே நிற்கும். டார்க் சாக்லேட் என்றால் எடைக்கு இரண்டு பங்கு சாக்லேட், ஒரு பங்கு க்ரீம். வெள்ளைச் சாக்லேட் என்றால் மூன்றுக்கு ஒன்று. இந்த அளவு பந்துக்கு, நடுவில் இரண்டு அடுக்காக வெட்டி உள்ளே பூசுவதையும் சேர்த்து, 500 கிராம் டார்க் சாக்லேட்டும் 250 கிராம் க்ரீமும் போதும். க்ரீமைக் கொதி வரும்வரை சூடாக்கி, பொடியாக நறுக்கிய சாக்லேட்டில் ஊற்றி, சில நிமிடம் விட்டுக் கலக்க வேண்டும், உடனே பூசக் கூடாது. மூடி அறை வெப்பத்திலேயே ராத்திரி முழுக்க வைத்தால் பூசுகிற பதம் வந்துவிடும். முதல் பூச்சு மெல்லியதாக, உதிர்கிற துகளை அடக்குவதற்கு மட்டும். அது இறுகியதும் இரண்டாவது பூச்சு. வளைவை வழித்து எடுக்கச் சாதாரண ஸ்பேட்டுலா உதவாது, தட்டையான முனை வைத்தால் பந்தில் முகம் முகமாகச் சமதளம் விழும். ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையைப் பந்தின் வளைவுக்கு வில்லாக வளைத்துப் பிடித்துக்கொண்டு, உச்சியிலிருந்து அடிவரை ஒரே இழுப்பாக இழுத்தேன், கேக்கைச் சுற்றிக்கொண்டே. இந்த ஒரு வேலை மட்டும் கஷ்டமே இல்லாமல், நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

இப்போது வெள்ளை. பட்டர் க்ரீமைத்தான் வெள்ளையாக்கப் போகிறேன் என்பவர்களுக்கு: வெண்ணெயின் மஞ்சள் போகாது. அதைத் தனியாக நன்றாக வெளிறும்வரை அடித்துவிட்டு ஐசிங் சுகர் சேர்த்தால் பாதி குறையும், டூத்பிக் நுனியில் எடுத்த ஊதா ஜெல் கலர் சேர்த்தால் மீதி மஞ்சள் கண்ணுக்கு அடங்கும், ஊதா மஞ்சளுக்கு எதிர் நிறம் என்பதால். ஊதா கொஞ்சம் கூடினாலும் சாம்பல் நிறமாகிவிடும், திருப்ப முடியாது. அதனால் ஒரு கரண்டி க்ரீமில் ஊதாவைக் கலந்து வைத்துக்கொண்டு அதிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பெரிய கிண்ணத்தில் சேருங்கள். கடையில் கிடைக்கும் வெள்ளைக் கலரில் பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் அதை உணவில் சேர்ப்பதை 2022-இல் தடை செய்துவிட்டது, வேறு பல நாடுகளில் அனுமதி இருக்கிறது. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். நான் அந்தத் தலைவலியே வேண்டாம் என்று வெள்ளை ஃபாண்டன்ட் வாங்கிவிட்டேன், அது பாலாடை வெள்ளைதான், பளீர் வெள்ளை இல்லை. பக்கத்தில் கறுப்பு வந்ததும் பளீரென்று தெரிய ஆரம்பித்துவிட்டது, அதனால் வெள்ளைக்காக ரொம்ப மெனக்கெட வேண்டாம்.

அடுத்தது கட்டங்கள். பொண்ணு கண்டுபிடித்துவிடுவேன் என்று மிரட்டியது இந்த இடத்தைத்தான், நான் அதிகம் நேரம் இழந்ததும் இங்கேதான். நம் மனசில் இருக்கும் கறுப்பு வெள்ளைப் பந்து 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் வந்த டெல்ஸ்டார் பந்து. கறுப்பு வெள்ளை டிவியில் பந்து நன்றாகத் தெரிய வேண்டும் என்றே அந்த நிறத்தில் செய்தார்கள். 12 கறுப்பு ஐங்கோணம், 20 வெள்ளை அறுகோணம், மொத்தம் 32 துண்டு. இன்றைய உலகக் கோப்பைப் பந்துகள் அப்படி இல்லை, 2014-இல் வந்த பிரசூகாவில் ஆறே துண்டுகள்தான். ஆனாலும் கேக்கில் பந்து என்றால் எல்லாப் பிள்ளைகளும் கேட்பது 1970 பந்தைத்தான். பாதிப் பந்தில் உச்சியில் ஒரு ஐங்கோணம், அதைச் சுற்றிக் கீழே ஐந்து, ஆக ஆறு கறுப்பு. முழுசாகத் தெரியும் அறுகோணம் ஐந்து. அடி ஓரத்தில் பாதி பாதியாக வெட்டுப்பட்ட அறுகோணங்கள் பத்து. இதைத் தெரிந்துகொள்ளாமல் கண் அளவில் ஒட்டினால் ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் வெறுமையாகவும் வந்துவிடும். இணையத்தில் இருக்கிற கேக் படங்களில் பாதி அப்படித்தான் இருக்கிறது, பாருங்கள்.

அளவுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. எல்லாப் பூச்சும் முடிந்த பிறகு பந்தின் விட்டத்தை அளந்து ஐந்தால் வகுங்கள், அதுதான் ஒவ்வொரு துண்டின் பக்க நீளம். ஐங்கோணத்துக்கும் அறுகோணத்துக்கும் அதே நீளம்தான். 18 செ.மீ. கிண்ணத்தில் சுட்ட கேக் கனாஷும் ஃபாண்டன்டும் ஏறியதும் 20 செ.மீ.க்கு வந்து நிற்கிறது, அதனால் பக்கம் 4 செ.மீ. கிண்ணத்தின் அளவை வைத்து வெட்டிவிடாதீர்கள், சின்னதாகிப் போகும். ஐங்கோணம் வரைய, பக்க நீளத்தை 0.85-ஆல் பெருக்கி அந்த ஆரத்தில் வட்டம் போட்டு 72 டிகிரிக்கு ஒரு புள்ளி வைக்க வேண்டும், 4 செ.மீ. பக்கத்துக்கு ஆரம் 3.4 செ.மீ. ஜியோமெட்ரி பாக்ஸை பொண்ணிடம்தான் கடன் வாங்கினேன், எதற்கு என்று மட்டும் சொல்லவில்லை. கெட்டி அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டால் அச்சு தயார்.

நான் முதலில் ஆசைப்பட்டது அறுகோணங்களையும் தனித்தனியாக வெட்டி நிஜப் பந்து தைப்பது மாதிரியே அடுக்குவதற்கு. வெள்ளையும் கறுப்புமாகத் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு மூலையிலும் இடைவெளி விழுகிறது, எவ்வளவு ஒட்டினாலும். உட்கார்ந்து யோசித்த பிறகுதான் புரிந்தது. ஒரு மூலையில் ஒரு ஐங்கோணமும் இரண்டு அறுகோணங்களும் சேர்கின்றன: 108, 120, 120, கூட்டினால் 348 டிகிரி. சுற்றி மூட 360 வேண்டும். அந்த 12 டிகிரிதான் தட்டையான துண்டுகளைப் பந்தாக வளைய வைக்கிறது. நிஜப் பந்தில் உள்ளே காற்று அடைத்து உப்ப வைக்கிறார்கள், அந்த இடைவெளி மூடிக்கொள்கிறது. கேக்கில் அதை நம் விரல்தான் இழுத்து மூட வேண்டும், இழுத்தால் துண்டின் ஓரம் கோணலாகிறது, நேரம் ஆக ஆக ஃபாண்டன்ட் காய்ந்து விரிசல் விடுகிறது. கடைசியில் அத்தனையையும் பிய்த்து எடுத்துவிட்டு, அழுகை வராத குறையாக, வேறு வழிக்குப் போனேன். நீங்கள் நேராக அந்த வழிக்கே வாருங்கள்: பந்து முழுக்க ஒரே வெள்ளைப் போர்வை, அதன்மேல் ஆறு கறுப்பு ஐங்கோணம், நடுவில் தையல் கோடுகளைக் கத்தியின் முதுகால் கீறுவது.

போர்த்துவதற்கு 600 கிராம் வெள்ளை ஃபாண்டன்டைக் கை சூட்டில் நன்றாகப் பிசைந்து, 3 மி.மீ. கனத்தில் வட்டமாகத் திரட்டுங்கள். பந்தின் ஒரு ஓரத்திலிருந்து உச்சி வழியாக மறு ஓரம்வரை டேப் வைத்தால் 31 செ.மீ. வரும், அதனால் திரட்டுவது 35 செ.மீ.க்குக் குறையக் கூடாது. விட்டத்தை மட்டும் பார்த்து 24 செ.மீ.க்குத் திரட்டினால் பந்தின் அடிவரை எட்டாது. கனாஷ்மேல் பிரஷ்ஷால் மெல்லத் தண்ணீர் தொட்டுவிட்டு, திரட்டியதை உருட்டுக் கட்டையில் தொங்கவிட்டு மேலே போடுங்கள். உச்சியை முதலில் கையால் ஒட்ட வையுங்கள், அப்புறம் சுற்றிச் சுற்றிக் கீழே வாருங்கள். மடிப்பு விழுகிற இடத்தில் அமுக்காமல், பாவாடையை விரிப்பது மாதிரி ஓரத்தை வெளிப்பக்கம் லேசாக இழுத்து விரித்துவிட்டு அப்புறம் உள்ளே தடவ வேண்டும். அமுக்கிய மடிப்பு ஆயுசுக்கும் போகாது. காற்றுக் குமிழி வந்தால் மெல்லிய ஊசியால் சாய்வாகக் குத்தித் தடவினால் அடங்கிவிடும், அந்த ஊசியை வேலை முடிந்ததும் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டீர்களா என்று இரண்டு தடவை பாருங்கள், குழந்தைகள் சாப்பிடப் போகிற கேக்.

கறுப்பை மட்டும் வெள்ளை ஃபாண்டன்டில் கலர் கலந்து வீட்டில் செய்ய முயற்சி செய்யாதீர்கள். எவ்வளவு கலந்தாலும் அடர் சாம்பல்தான் வரும், அதற்குள் ஃபாண்டன்ட் பிசுபிசுத்து, நாக்கில் கசக்கத் தொடங்கி, கை, மேஜை, சிங்க் எல்லாம் கறுப்பாகிவிடும். என் நகக்கண்ணில் அந்தக் கறுப்பு பிறந்தநாள் முடிந்த பிறகும் இருந்தது. ரெடிமேட் கறுப்பு வாங்குங்கள், ஆறு ஐங்கோணத்துக்கு 100 கிராம் தாராளம். செய்தே ஆக வேண்டும் என்றால் கோகோ கலந்த பழுப்பு ஃபாண்டன்டில் தொடங்கி, கொஞ்சம் கறுப்பு ஜெல் சேர்த்து, ராத்திரி முழுக்க மூடி வைத்துவிடுங்கள், நிறம் தானாகவே ஆழமாகும். கறுப்பை மிக மெல்லியதாக, 2 மி.மீ.க்குத் திரட்டுங்கள். மேஜையில் ஒட்டாமல் இருக்கக் கார்ன்ஃப்ளாரோ ஐசிங் சுகரோ தூவினால் கறுப்பின்மேல் வெள்ளைத் தூசாகப் படிந்துவிடும், அதற்குப் பதில் வெஜிடபிள் ஷார்ட்டனிங் (கெட்டியான தாவரக் கொழுப்பு) துளி தடவிக்கொள்ளுங்கள். இன்னொன்று, வெள்ளை வேலையை முழுக்க முடித்து, மேஜையைத் துடைத்து, கறுப்புத் துகள் பட்டாலும் பரவாயில்லாத துணியை மாட்டிக்கொண்ட பிறகுதான் கறுப்புப் பொட்டலத்தையே பிரிக்க வேண்டும். வரிசை மாறினால் வெள்ளைப் பந்தில் சாம்பல் கைரேகைகள்தான் மிஞ்சும்.

ஒட்டுகிற முறை இப்படி. முதல் ஐங்கோணத்தின் நடுப்புள்ளி உச்சியில் சரியாக உட்கார வேண்டும். அதன் ஒவ்வொரு மூலையிலிருந்தும் நேர்கீழே ஒரு கோடு, நீளம் அதே 4 செ.மீ. அந்தக் கோடு முடிகிற இடத்தில் அடுத்த ஐங்கோணத்தின் மூலை தொட வேண்டும். மூலைக்கு மூலை, இதுதான் ரகசியம், பக்கத்துக்குப் பக்கம் இல்லை. சரிபார்க்க, உச்சியிலிருந்து கீழ்வரிசை ஐங்கோணத்தின் நடுப்புள்ளிவரை பந்தின் வளைவோடு டேப் வைத்தால் 11 செ.மீ. வர வேண்டும். வேறு அளவுப் பந்து என்றால் விட்டத்தை 0.55-ஆல் பெருக்குங்கள். ஒட்டுவதற்கு முன் டூத்பிக்கால் புள்ளி மட்டும் வைத்துப் பார்த்துவிடுங்கள். ஐந்தும் வைத்த பிறகு பக்கத்துப் பக்கத்து ஐங்கோணங்களின் பக்க மூலைகளை இணைத்துக் கோடு கீறினால் அவையும் 4 செ.மீ.யாக வந்தால் கணக்கு சரி. ஒவ்வொன்றின் அடி மூலைகள் இரண்டிலிருந்தும் தரையைப் பார்த்துக் கோடு இறக்கினால் பாதி அறுகோணங்கள் தாமாகவே வந்துவிடும். தண்ணீர் பிரஷ்ஷைத் துண்டின் பின்னால் நடுவில் மட்டும் தொட வேண்டும், ஓரம்வரை போனால் கறுப்பு கசிந்து வெள்ளையில் இறங்கும்.

கசிவு என்றதும் ஃப்ரிட்ஜ் ஞாபகம் வருகிறது. முடிந்த கேக்கைப் பத்திரமாக இருக்கட்டும் என்று திறந்தபடி ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது. வெளியே எடுத்ததும் காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த ஃபாண்டன்ட்மேல் நீராகப் படியும், அது சர்க்கரையைக் கரைக்கும், கறுப்பு கலர் வெள்ளைக்குள் ஓடும். ஒட்டிப் பார்த்த ஒரு துண்டில் இதைக் கண்ணால் பார்த்தேன், ஐங்கோணத்தின் கீழ் மூலையிலிருந்து மெல்லிய சாம்பல் கோடு ஒன்று இறங்கிக்கொண்டே போனது. அப்போது செய்யக் கூடாதது துடைப்பது. தொடாமல், ஃபேன் காற்றில் விட்டால் பெரும்பாலும் தானாகக் காய்ந்துவிடும். கனாஷ் பூசிய ஃபாண்டன்ட் கேக் குளுமையான அறையில் ஒரு நாள் தாராளமாக நிற்கும், உள்ளே பழமோ ஃப்ரெஷ் க்ரீமோ இருந்தால்தான் ஃப்ரிட்ஜ் கட்டாயம். அப்படி வைத்தே ஆக வேண்டும் என்றால் அட்டைப் பெட்டியில் மூடி வையுங்கள், வெளியே எடுத்த பிறகும் பெட்டியைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள், ஈரம் பெட்டிமேல் படியும், கேக்மேல் படியாது.

பச்சைத் தரைக்கு மைதானத்தின் அளவை அப்படியே சுருக்கலாம். சர்வதேச ஆட்டத்துக்கு வழக்கமான மைதானம் 105 மீட்டருக்கு 68, 3 மீட்டரை 1 செ.மீ. ஆக்கினால் 35-க்கு 23 செ.மீ. பலகை, கைக்கு அடக்கமான அளவு. பெனால்ட்டி ஏரியா 16.5 மீட்டர் ஆழம், 40.3 மீட்டர் அகலம், அது பலகையில் 5.5-க்கு 13.4 செ.மீ. நடு வட்டத்துக்காகக் கவலைப்பட வேண்டாம், அதன் ஆரம் 3 செ.மீ.தான், பந்து அதை முழுங்கிவிடும். க்ரீம் பிழியும் பையின் நுனியில் மாட்டுகிற, பல ஓட்டைகள் உள்ள புல் நாசில்தான் இதற்கு, பட்டர் க்ரீம் கொஞ்சம் கெட்டியாக இருந்தால்தான் புல் நிமிர்ந்து நிற்கும், அமுக்கி, சட்டென்று மேலே இழுத்து விட வேண்டும். பையில் நிறைய நிரப்பாதீர்கள், கை சூட்டில் கடைசிப் பாதி கூழாகிவிடுகிறது, கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி மீதியைக் குளிரில் வையுங்கள். பச்சை ஜெல்லை நேரடியாகப் போட்டால் பொம்மைப் பச்சை வரும், ஒரு சொட்டு மஞ்சளும் டூத்பிக் நுனி பழுப்பும் சேர்த்தால்தான் புல் நிறம். அதுவும் சில மணி நேரத்தில் இன்னும் ஆழமாகும், அதனால் வேண்டிய நிறத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். திரவக் கலர் க்ரீமை நீர்க்கவிடும், வேண்டாம். புல் முழுக்கப் பைப் செய்யப் பொறுமை இல்லை என்றால் பந்தின் அடி ஓரத்தில் ஒரு சுற்று மட்டும் புல் வையுங்கள், மீதிக்குப் பச்சை ஃபாண்டன்ட் போதும். போர்த்திய ஓரம் எவ்வளவு கோணலாக இருந்தாலும் அந்த ஒரு சுற்று மறைத்துவிடும், எனக்கு மறைத்தது.

கோல் போஸ்ட், பொம்மை ஆட்டக்காரர்கள் எல்லாம் வாங்கியதாக இருந்தால் கழுவித் துடைத்து வையுங்கள். டூத்பிக்கில் குத்தி நிறுத்துவது எதையும் சின்னப் பிள்ளைகளின் கேக்கில் நான் சேர்ப்பதில்லை. மினுமினுப்புத் தூளில் நச்சற்றது என்று எழுதியிருந்தால் அது சாப்பிடத் தகுந்தது என்று அர்த்தம் இல்லை, உண்ணத் தகுந்தது என்றும் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்றும் தெளிவாக இருந்தால் மட்டும் போடுங்கள்.

திரும்பவும் செய்தால், செய்யப் போகிறேன், வரிசை இப்படி இருக்கும். அட்டை அச்சு, பலகை, கோல் போஸ்ட் எல்லாம் ஒரு வாரம் முன்னால். கேக்கை இரண்டு நாள் முன்னால் சுட்டு ஃப்ரிட்ஜுக்கு அனுப்பிவிட்டு அன்றே கனாஷையும் கலந்து வைப்பேன், மறுநாள் காலையில் வெட்டிப் பூசி இறுக விட்டு, மாலையில் வெள்ளைப் போர்வை, உடனே கறுப்பு, கூடவே கோடு. இந்த மூன்றுக்கும் நடுவில் இடைவெளி கூடாது, வெள்ளை மேல்தோல் காய்ந்துவிட்டால் கத்தி முதுகு வைத்ததும் விரிசல் விடும். புல் பிறந்தநாள் அன்று காலையில். காரில் கொண்டு போவதாக இருந்தால் சீட்டில் வைக்காதீர்கள், சீட் பின்பக்கம் சரிந்திருக்கும். கால் வைக்கும் தரையிலோ டிக்கியிலோ, வழுக்காத விரிப்புமேல்.

வெட்டுவதற்கும் ஒரு வழி வேண்டும். பந்தை நடுவில் நேராக இரண்டாகப் பிளந்து, அப்புறம் ரொட்டி மாதிரி இணையாகப் பட்டை போட்டு, பெரிய பட்டைகளைக் குறுக்கே இரண்டாக்கினால் எல்லோருக்கும் ஓரளவு சமமாக வரும். கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் வெந்நீரில் முக்கித் துடைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கறுப்பு ஃபாண்டன்டை வெள்ளைமேல் இழுத்துக்கொண்டு போகும். பொண்ணு கத்தியை வைப்பதற்கு முன்னால் கேக்கைச் சுற்றி வந்து கறுப்பை எண்ணினாள், "ஆறுதானே இருக்கு, மிச்ச ஆறு எங்கம்மா?" என்றாள். மிச்ச ஆறும் மேஜைக்குள்ளே போயிடுச்சு என்றதும் ஒத்துக்கொண்டாள். மீந்த ஃபாண்டன்டை ஷார்ட்டனிங் தடவி, க்ளிங் ஃபிலிமில் இறுகச் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் அறை வெப்பத்தில் வைத்தால் பல வாரம் இருக்கும், கறுப்பையும் வெள்ளையையும் வேறு வேறு டப்பாவில்.